கோட்டை கட்டக் கூடாது என்றால் என்ன ஆகும்? பிள்ளைகளுக்கு ஏற்ற மாற்றுச் சதுரங்கம் எது?

கறுப்புக்குதிரை
ஞாயிறு, இரவு 8:52

எங்கள் ஊர் நூலகத்தின் மாடியில் ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். பதினான்கு பேர் வருகிறார்கள். ஏழு பலகை இருக்கிறது. ஒன்றில் யானை தொலைந்துபோய் அதன் இடத்தில் ஒரு பேனா மூடி நிற்கிறது.

இன்று நடந்தது இது. பதினொரு வயதுப் பையன்கள் இருவர் இத்தாலியன் ஓப்பனிங் ஆடினார்கள். முதல் எட்டு நகர்த்தலை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒரு நிமிடத்துக்குள் வைத்து முடித்தார்கள். ஒன்பதாவதில் கறுப்புக்காரன் கை தவறி வேறொரு சிப்பாயைத் தொட்டுவிட்டான். தொட்ட காயை ஆடத்தான் வேண்டும் என்பது சட்டம், ஆடினான். வெள்ளைக்காரன் அப்படியே உறைந்துவிட்டான். "என்னடா யோசனை?" என்றேன். "இது வீடியோவில் இல்லை சார்" என்றான்.

அவன் திறமைசாலி, அதுதான் வருத்தம். மனப்பாடம் செல்லுபடியாகாத ஒரு சதுரங்கத்தைச் சில வாரம் ஆடவிடலாம் என்று நினைக்கிறேன். புதிய காய்கள் வாங்கப் பணமில்லை, கணினியும் இல்லை. இருக்கிற பலகையும் ஒன்றரை மணி நேரமும்தான். எதை ஆடவைக்கலாம்? ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். இணையத்தில் பட்டியல் பார்த்தேன், தலை சுற்றிவிட்டது.

எட்டாம்வரிசை
ஞாயிறு, இரவு 9:30

உங்கள் நோய்க்கென்றே எழுதிய மருந்துச் சீட்டு இருக்கிறது. 1996 ஜூன் மாதம் புவனோஸ் ஐரஸில் முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் அறிவித்த ஆட்டம், சதுரங்கம் 960. பின்வரிசைக் காய்களைக் குலுக்கிப்போட்டு அடுக்குவது. நிபந்தனை இரண்டே: இரு பிஷப்பும் எதிரெதிர் நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும், ராஜா இரு யானைகளுக்கு இடையில் எங்காவது இருக்க வேண்டும். வெள்ளை எப்படியோ கறுப்பும் அப்படியே, கண்ணாடிபோல. மற்ற சட்டமெல்லாம் பழையவைதான்.

ஏன் 960 என்று பிள்ளைகளையே கேளுங்கள், ஒரு கணக்கு வகுப்பும் முடிந்துவிடும். கறுப்புக் கட்டப் பிஷப்புக்கு 4 இடம், வெள்ளைக் கட்டப் பிஷப்புக்கு 4 இடம். மீதி ஆறில் ராணிக்கு 6. மிஞ்சிய ஐந்தில் இரு குதிரைகளை வைக்க 10 வழி. கடைசி மூன்றில் யானை, ராஜா, யானை என்று ஒரே வழி. பெருக்கினால் 960.

ஆறுமுகப் பகடை ஒன்று போதும். தேவைக்கு மேல் எண் விழுந்தால் மறுபடி உருட்டுங்கள். இடமிருந்து எண்ணி வைத்துக்கொண்டே போக வேண்டும்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கே இது என்ன செய்கிறது என்று பாருங்கள். 2019-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே முதன்முறையாக இதற்கு உலகப் போட்டி நடத்தியது. இறுதியில் வெஸ்லி சோ மேக்னஸ் கார்ல்சனை 13.5–2.5 என்று அடித்துத் துவைத்தார். அப்போது கார்ல்சன்தான் வழக்கமான சதுரங்கத்தின் உலகச் சாம்பியன். 2022-இல் ரெய்க்யவிக்கில் ஹிகாரு நகமுரா வென்றார். எந்த அடுக்கு என்பது ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களுக்கு முன்தான் தெரியும். பெட்டி நிறையக் குறிப்புகள் கொண்டுவந்தவனும் வெறுங்கையோடு வந்தவனும் முதல் நகர்த்தலில் சமம்.

சந்தேகப்பிராணி
ஞாயிறு, இரவு 10:04

மனப்பாடம் செய்வதுதான் குற்றமென்றால் வாய்ப்பாட்டையும் எரித்துவிடலாமா? ஐந்நூறு ஆண்டுகளாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேறிய ஆட்டம் இது. அதைக் குலைத்து அடுக்கினால் வருவது விசித்திரம், ஆழம் அல்ல. 960-இல் சில அடுக்குகளில் முதல் நகர்த்தலுக்கு முன்பே ஒரு சிப்பாய் காவலின்றி நிற்கும். வெள்ளை முதலில் ஆடுகிறான், அதைக் குறிவைக்கிறான். அது சமமான ஆட்டமா?

மாற்று ஆட்டங்களில் பாதி ஒரு வாரக் கூத்து. காய்களைப் பறிகொடுத்து ஜெயிக்கும் சதுரங்கம் என்று ஒன்றிருக்கிறதே, அதில் வெள்ளை ராஜா முன்னிருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினால் போதும், வெற்றி உறுதி என்று 2016-இல் மார்க் வாட்கின்ஸ் கணினி வைத்து நிரூபித்துவிட்டார். கதை முடிந்தது.

காவிரிக்கரை
திங்கள், காலை 6:15

தம்பி சந்தேகப்பிராணி, ஐந்நூறு ஆண்டு என்று நீங்களே சொன்னீர்கள். அதற்கு முந்தைய சதுரங்கத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்களா?

என் தாத்தா திண்ணையில் ஆடிய ஆட்டத்தில் ராணி என்ற பேச்சே கிடையாது. அந்தக் காய்க்கு மந்திரி என்று பெயர். பள்ளியில் அதையே ராணி என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிற்பாடு படித்தபோதுதான் தாத்தாவின் சொல்லே பழையது என்று தெரிந்தது. பாரசீகத்திலும் அரேபியாவிலும் அது அமைச்சர்தான், மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் நகரும் ஏழை அமைச்சர். பிஷப்பும் அப்போது மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும், அவ்வளவுதான். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்பெயின், இத்தாலி பக்கம் இந்த இரண்டு காய்களுக்கும் சிறகு முளைத்தது. அன்றைய பழமைவாதிகள் என்ன நினைத்தார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது: "வெறிபிடித்த ராணியின் சதுரங்கம்". நீங்கள் காப்பாற்ற நினைக்கும் ஆட்டம் அந்த மாற்று ஆட்டம்தான் தம்பி.

தாத்தாவின் சட்டங்களில் நினைவிருப்பவை: சிப்பாய் எப்போதும் ஒரே கட்டம்தான், முதல் நகர்த்தலிலும் இரண்டு கட்டம் கிடையாது. கோட்டை கட்டுவது, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்தி ராஜாவை ஒளிப்பது, கிடையாது. அதற்குப் பதில், அதுவரை செக்கே வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரைபோலத் தாவலாம். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் அந்தக் கட்டத்துக்குரிய காயாகத்தான் மாறும். குதிரை வீட்டுக்குப் போனால் குதிரை. நினைத்ததெல்லாம் மந்திரி ஆகாது.

இது எங்கள் வீட்டுச் சட்டம் மட்டுமல்ல. இந்தியாவின் பல பகுதிகளில் சிற்சில வேறுபாடுகளோடு இப்படித்தான் ஆடினார்கள். பஞ்சாபில் பிறந்த மீர் சுல்தான் கான் சிறுவயதில் கற்றது இந்திய முறைதான். ஐரோப்பியச் சட்டங்களைப் பின்னால் கற்றுக்கொண்டு 1929-இல் பிரிட்டனுக்குப் போனவர், அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933-இலும் அவரே. ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் கபாப்ளாங்காவைத் தோற்கடித்தார். அவருடைய ஓப்பனிங் பலவீனம் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். சிப்பாய் ஒற்றைக் கட்டம் ஊர்ந்த ஆட்டத்தில் வளர்ந்தவருக்கு அந்தப் புத்தகங்களெல்லாம் எதற்கு? நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். 2024-இல் ஃபிடே அவருக்கு மறைவுக்குப் பிறகு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அவர் இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டு கழித்து.

வெடிமருந்து
திங்கள், காலை 11:20

அணுச் சதுரங்கம்! காயை வெட்டினால் வெட்டிய காய், வெட்டுப்பட்ட காய், சுற்றியுள்ள எட்டுக் கட்டத்துக் காய்கள் எல்லாம் வெடித்துப் போகும் (பக்கத்துச் சிப்பாய்கள் மட்டும் பிழைக்கும்). எதிரி ராஜா வெடித்தால் வெற்றி.

வெள்ளை முதல் நகர்த்தலில் குதிரையை எஃப்3-இல் வைத்தாலே ஆபத்து (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை). அடுத்து ஈ5, அதற்கடுத்து எஃப்7 சிப்பாயை வெட்டினால் பக்கத்திலிருக்கும் ராஜா காலி. மூன்றே நகர்த்தல். கறுப்பு எஃப்-சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, குதிரை போகும் கட்டங்களை அடைக்க வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டு ஆட்டம் வெடித்த பிறகு மூன்றாவதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மீனாவின் அம்மா
திங்கள், மதியம் 2:45

நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். எனக்குக் காய் நகர்த்த மட்டும்தான் தெரியும், மகள் மாவட்ட அளவில் ஆடுகிறாள். அவளுடைய முன்னாள் பயிற்சியாளர் ஒருவர், மாற்று ஆட்டங்கள் ஆடினால் கை கெட்டுவிடும் என்று வகுப்பிலேயே தடை போட்டிருந்தார். அவள் ஒளிந்து ஒளிந்து கைப்பேசியில் ஆடுவாள், பறித்த காயைத் திரும்ப இறக்கும் ஆட்டம். அதன் பிறகு ஒரு போட்டியில் காரணமே இல்லாமல் குதிரையைப் பலிகொடுத்துத் தோற்றாள். "அம்மா, இறக்குவதற்குக் கையில் காய் இருப்பதுபோலவே தோன்றிவிட்டது" என்றாள். பயிற்சியாளர் சொன்னது சரிதானோ என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்.

ஒசாகாவாசி
திங்கள், மாலை 6:10

அம்மா, உங்கள் மகள் சொன்னதைப் படித்துச் சிரித்துவிட்டேன், பிறகு யோசித்தேன். அவள் மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் ஆறு ஆண்டாக ஜப்பானில் வேலை செய்கிறேன். அலுவலகத்துக்குப் பக்கத்திலுள்ள ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) மன்றத்துக்கு வெள்ளிக்கிழமை போவேன். ஒன்பதுக்கு ஒன்பது பலகை, ஆளுக்கு 20 காய். வெட்டிய காய் உங்களுடையது. நகர்த்துவதற்குப் பதிலாக அதைக் காலிக் கட்டத்தில் இறக்கலாம். இங்கே இரு தரப்புக் காய்களுக்கும் நிறம் ஒன்றுதான், ஆப்பு வடிவ மரத்துண்டு. கூர்முனை யாரை நோக்கி இருக்கிறதோ அவர் எதிரி. கட்சி மாற வேண்டுமென்றால் காயைத் திருப்பி வைத்தால் முடிந்தது. நம் கறுப்பு வெள்ளைக் காயில் இந்தச் சட்டம் கைக்கு வராமல் போனதில் ஆச்சரியமில்லை.

இறக்கும் சட்டம் வந்தவுடன் ஆட்டத்தின் கணக்குப்புத்தகமே மாறிவிடுகிறது. நம் சதுரங்கத்தில் ஒரு காய் முன்னணி கிடைத்தால் என்ன செய்வோம்? காய்க்குக் காய் மாற்றி ஆட்டத்தைச் சுருக்கி, கடைசியில் ஒரு சிப்பாயை ராணியாக்குவோம். இங்கே காய்கள் சுருங்குவதே இல்லை. ஒன்றை மாற்றினால் எதிரியின் கையிலும் ஒன்று ஏறுகிறது. அது எங்கே குதிக்கும் என்று தெரியாது. உங்கள் மகள் ஆடிய ஆட்டத்தில், ராணி இழந்தவன் கையில் இரண்டு குதிரை வைத்திருந்தால் பயப்பட வேண்டியவர் நீங்கள்தான். குதிரை கொடுக்கும் செக்கை நடுவில் காய் வைத்து மறைக்க முடியாதல்லவா. யானைக்கும் குதிரைக்கும் ஏறக்குறைய ஒரே விலை. ராஜாவைச் சுற்றி ஓர் ஓட்டை இருந்தால் அதற்குத்தான் விலை அதிகம். டிரா அபூர்வம்.

கட்டுப்பாடும் உண்டு. ஷோகியில் ஒரே நெடுக்கு வரிசையில் உங்கள் பதவி உயராத சிப்பாய் ஏற்கெனவே இருந்தால் இன்னொன்றை அங்கே இறக்கக் கூடாது. இறக்கினால் அந்தக் கணமே தோல்வி. தொழில்முறை ஆட்டக்காரர்களே தொலைக்காட்சியில் இப்படித் தோற்றிருக்கிறார்கள். எனக்கு இது நடந்தபோது எதிரில் இருந்த எழுபது வயதுப் பெரியவர் எனக்காக வருந்தித் தலைகுனிந்தார், ஜெயித்தவர் அவர்!

கறுப்புக்குதிரை அண்ணா, உங்கள் பலகையில் இதை ஆட எளிய வழி நால்வர் ஆட்டம். இரண்டு பலகை, ஆளுக்கொரு கூட்டாளி. ஒருவன் வெள்ளை ஆடினால் கூட்டாளி பக்கத்துப் பலகையில் கறுப்பு. நீங்கள் வெட்டும் கறுப்புக் காயை அவனிடம் நீட்டுங்கள், அவன் இறக்குவான். கூடுதல் காய் ஒன்றும் வேண்டாம். சத்தத்துக்கு மட்டும் நூலகரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

எட்டாம்வரிசை
செவ்வாய், இரவு 8:18

தலைப்பில் கோட்டை கட்டக் கூடாது என்று போட்டுவிட்டு அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2019 டிசம்பரில் முன்னாள் உலகச் சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக் முன்வைத்த யோசனை இது. காய், அடுக்கு எதையும் தொடாமல் கோட்டை கட்டும் உரிமையை மட்டும் எடுத்துவிடுவது. டீப்மைண்ட் நிறுவனத்தின் சதுரங்கம் ஆடும் கணினி நிரலான ஆல்ஃபாஸீரோவை வைத்து அவரும் கூட்டாளிகளும் மொத்தம் ஒன்பது மாற்றுச் சட்டங்களைச் சோதித்தார்கள். எங்கிருந்தாலும் இரண்டு கட்டம் பாயும் சிப்பாய், பின்வாங்கும் சிப்பாய், தன் காயையே வெட்டும் உரிமை என்றெல்லாம். 2020 ஜனவரியில் இதற்கான முதல் போட்டி நடந்தது நம் சென்னையில். 89 விழுக்காடு ஆட்டங்களில் வெற்றி தோல்வி கிடைத்தது என்று செய்தி வந்தது.

சந்தேகப்பிராணி
செவ்வாய், இரவு 8:40

உள்ளூர்ப் போட்டிகளில் சாதாரணச் சதுரங்கத்திலேயே டிரா குறைவுதான். 89 என்பது எதையும் நிரூபிக்காது. 2021-இல் டார்ட்மண்டில் ஆனந்தும் கிராம்னிக்கும் இதே சட்டத்தில் நான்கு ஆட்டம் ஆடினார்கள். ஆனந்த் 2.5–1.5 என்று வென்றார். கணக்குப் போடுங்கள்: ஒரு வெற்றி, மூன்று டிரா. ஆல்ஃபாஸீரோவுக்கு நேரம் அதிகம் கொடுத்தபோதும் பெரும்பாலும் டிராதான் வந்தது. சரியாக ஆடுபவனை எந்தச் சட்டமும் தோற்கடிக்காது.

எட்டாம்வரிசை
செவ்வாய், இரவு 9:05

ஒப்புக்கொள்கிறேன், 89-ஐத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் டிரா எத்தனை என்பது மேல்மட்டத்துக் கவலை. நூலக மாடியில் டிரா ஒரு பிரச்சினையே இல்லை. பத்தாவது நகர்த்தலில் அந்தப் பையன் யோசிக்கிறானா என்பதுதான் கேள்வி. கோட்டை கட்டுவது ஒரு நகர்த்தலில் ராஜாவை ஒளித்து யானையையும் வெளியே கொண்டுவந்துவிடுகிறது. அது இல்லையென்றால் அதே வேலைக்கு மூன்று நான்கு நகர்த்தல் ஆகும். எப்போது செலவிடுவது, எந்தப் பக்கம் போவது, போகவே வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டும்.

காவிரிக்கரை
புதன், காலை 5:50

கோட்டை கட்டுவதே ராஜாவின் பழைய தாவலிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவிலும் ராஜா ஒரு முறை தாவலாம் என்றுதான் தொடங்கியது, பிறகு யானையோடு சேர்ந்து இறுகியது. இத்தாலியில் 19ஆம் நூற்றாண்டு வரை அவர்களுக்கென்று தனிச் சட்டம் வைத்திருந்தார்கள். ஆக என் தாத்தாவின் தாவலும் உங்கள் கோட்டையும் பங்காளிகள். கோட்டையை எடுத்துவிட்டு ராஜாவைத் தெருவில் நிறுத்துவதற்குப் பதில், தாவலைக் கொடுத்துப் பாருங்களேன்.

கறுப்புக்குதிரை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:30

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதல் ஞாயிறு 960. பகடை உருட்டுவதிலேயே அரை மணி போயிற்று, அதுதான் அவர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. பிறகு ஒரு சண்டை. வந்த அடுக்கில் ராஜா ஜி1-இல், யானை ஹெச்1-இல். எஃப்1 காலியானதும் ஒருவன் "கோட்டை" என்று சொல்லிவிட்டு யானையை மட்டும் எடுத்து ராஜாவைத் தாண்டி எஃப்1-இல் வைத்தான். ராஜா அசையவே இல்லை. எதிரில் இருந்தவன் ஏமாற்று என்று கத்த, மாடி அதிர்ந்தது. சட்டப்படி சரிதான். எங்கிருந்து தொடங்கினாலும் கோட்டை கட்டி முடிக்கும்போது ராஜாவும் யானையும் வழக்கமான கட்டங்களில் நிற்க வேண்டும்; ராஜா ஏற்கெனவே அங்கே இருந்தால் நகர வேண்டியதில்லை. அதை விளங்கவைக்க இன்னொரு கால் மணி. வீடியோ பையன் முதல் நகர்த்தலுக்கே ஆறு நிமிடம் யோசித்தான். எனக்கு அது போதும்.

இரண்டாம் ஞாயிறு நால்வர் ஆட்டம். நூலகர் இருமுறை மேலே வந்தார். மீனாவின் அம்மா, உங்கள் பயிற்சியாளர் சொன்னதில் பாதி உண்மை என்று அன்று தெரிந்தது. அடுத்து சாதாரண ஆட்டத்துக்கு உட்கார்ந்தவர்களில் இருவர் காய்களை வாரி இறைத்தார்கள். ஒருத்தி வெட்டிய காயைப் பக்கத்துப் பலகைக்கு நீட்டிவிட்டாள், பழக்க தோஷத்தில். போட்டிக்கு முந்தைய வாரம் இதை ஆடவிட மாட்டேன். மற்ற வாரங்களில் தடுக்கவும் மாட்டேன்.

இன்று காவிரிக்கரை ஐயாவின் தாத்தா சட்டம். சிப்பாய் ஒற்றைக் கட்டம், கோட்டை இல்லை, ராஜாவுக்கு ஒரு தாவல். அலுப்பாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் ஆட்டங்கள் அப்படித்தான் ஊர்ந்தன. பிறகு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஜி-சிப்பாயை ஒரு கட்டம் ஏற்றி, ஈ1 ராஜாவை ஒரே தாவலில் ஜி2-இல் கொண்டுபோய் வைத்தாள். சுற்றி மூன்று சிப்பாய், பின்னே யானைக்குத் திறந்த வழி. நாம் கட்டும் கோட்டையைவிட நல்ல வீடு. பத்து நிமிடத்தில் ஏழு பலகையிலும் ராஜாக்கள் ஜி-வரிசையில் குடியேறிவிட்டார்கள்.

அப்புறம்தான் வீடியோ பையன். கறுப்பு ஆடினான். வெள்ளை டி-சிப்பாயை ஒரு கட்டம் தள்ள, இவன் ஈ-சிப்பாயைத் தள்ளி பிஷப்புக்கு வழி விட்டான். அடுத்த நகர்த்தலில் பிஷப்பை பி4-க்கு ஓட்டிச் செக் கொடுத்தான். வெள்ளை உடனே சி-சிப்பாயைத் தள்ளி மறைத்தது, பிஷப் பின்வாங்கியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன், சாதாரணமாக இதைத் தண்டச் செக் என்று திட்டுவேன், ஒரு நகர்த்தல் வீண். வாயைத் திறக்கப் போனேன். அவன் என்னைப் பார்த்து, "சார், அவன் ராஜா செக் வாங்கிவிட்டான். இனிமேல் தாவ முடியாது" என்றான்.

சந்தேகப்பிராணி
ஞாயிறு, மாலை 5:02

அந்தச் செக்கைத் தவிர்க்க வெள்ளை டி-சிப்பாயை முதலில் தொடாமல் இருந்திருக்கலாமே? ஈ-சிப்பாயை ஏற்றி, ஜி-சிப்பாயை ஏற்றி, மூன்றாவதில் உடனே தாவிவிட்டால்?

கறுப்புக்குதிரை
ஞாயிறு, மாலை 5:10

பலகையை எடுத்து வைத்தீர்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

சந்தேகப்பிராணி
ஞாயிறு, மாலை 5:13

எடுத்து வைத்துவிட்டேன். காவிரிக்கரை ஐயா, தாவும்போது வழியில் எதிரியின் காயை வெட்டலாமா, காலிக் கட்டத்துக்கு மட்டும்தானா? உங்கள் தாத்தா எப்படி ஆடினார்?